புதன்கிழமை மூன்று மணிச் சொற்பொழிவு

காரணமில்லாமல் இந்தப் பிரபஞ்சத்தில் ஓர் அணுவும் அசைவதில்லை. விண்மீன் வெடிப்பதானாலும் பனித்துளி உருகுவதானாலும் அதன் பின்னால் ஒரு காரணம் நிற்கிறது. அதைத் தேடிக் கண்டடைவதே மனித அறிவின் தலையாய கடமை. பல்கலைக்கழக இயற்பியல் துறையின் வாசலில் இந்த வாசகத்தைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டியிருந்தார்கள். தகட்டுக்கு நேர் எதிரே இருந்த லிஃப்ட் பல வாரங்களாக ஓடவில்லை. காரணம் யாருக்கும் தெரியவில்லை.

ஆகவே துப்பறியும் நிபுணர் நான்காவது மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தார்.

அவரை எல்லோரும் 'நிபுணர்' என்றுதான் அழைத்தார்கள். முதன்முதலில் அப்படி அழைத்தவர் அவரே. இரண்டு படி பின்னால் வந்துகொண்டிருந்தவன் அவருடைய மச்சினன். நாற்பதைத் தொடப்போகிற ஆள். இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பொய்க் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவன், ஒரு நாள் மேலதிகாரியின் கிளெய்மையும் பிடித்துவிட்டதால் அந்த வேலை போயிற்று. அவனை உதவியாளனாக வைத்துக்கொள்ளும்படி சொன்னது நிபுணரின் மனைவி. அந்த வீட்டில் அவள் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

"மூணு நாள், முப்பது தடவை ஏறி இறங்கியாச்சு," என்றார் நிபுணர். "முழங்கால் தேய்ஞ்சதுதான் மிச்சம்."

"துப்பு ஒன்னும் கிடைக்கலைன்னு சொல்லாதீங்க அத்தான். லிஃப்ட் ஓடலைங்கறது நாமளே கண்டுபிடிச்சது."

மூன்றாம் மாடித் திருப்பத்தில், படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள் ஆராய்ச்சி மாணவி. இந்த வழக்கின் குற்றவாளி அவள்தான் என்று துறை ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. அந்த முடிவுக்கு வெளியாள் ஒருவரின் கையெழுத்தும் இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பதற்காகவே நிபுணரை வரவழைத்திருந்தார்கள். இது நிபுணர் ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும்.

"நாலு மணிக்கு விசாரணைக் கமிட்டி," என்றாள் அவள். "அதுக்குள்ள கண்டுபிடிச்சிடுவீங்களா? இல்ல, நான் ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ண ஆரம்பிக்கட்டுமா?"

"பொறுமை வேணும்மா. உண்மை எப்படியும் மேல வந்துடும்," என்றார் நிபுணர், மூச்சு வாங்கியபடி.

"அதுவும் படியேறித்தான் வரணும் அத்தான்," என்றான் மச்சினன். அவளைப் பார்த்து, "இன்னும் ஒரு தடவை சொல்லும்மா. இவரு நோட்டுல எழுதினது இவருக்கே புரியலை," என்றான்.

அவள் சலித்துக்கொண்டே சொன்னாள். நான்காம் மாடியில் குளிர் ஆய்வகம். அங்கே ஒரு குளிர்விக்கும் இயந்திரம். அதற்குள் நகத்தளவு படிகம் ஒன்று, வெளிநாட்டு ஆய்வகத்திலிருந்து இரவல் வாங்கியது. நான்கு வருடமாக அதை வைத்துத்தான் அவளுடைய ஆராய்ச்சி. குளிர் குறைந்தால் படிகம் விரிசல் விடும். எனவே இயந்திரத்தை இரவு பகல் நிறுத்தக் கூடாது. போன புதன்கிழமை யாரோ நிறுத்திவிட்டார்கள்.

"அந்த மெஷின் எப்பவும் கோழி கொத்தற மாதிரி டொக் டொக்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். அஞ்சு மணிக்கு நான் கதவைத் திறந்தா சத்தமே இல்லை. பிளக் சொருகித்தான் இருந்தது. பச்சை பட்டனை அமுக்கினேன், ஓட ஆரம்பிச்சுடுச்சு. ஆனா படிகம் ரெண்டா போச்சு. ஸ்கிரீன்ல பார்த்தா மூணு மணிக்கு மேல சூடேற ஆரம்பிச்சிருக்கு."

"ஆக, பட்டனைத் தொட்டது நீ," என்று நிபுணர் நோட்டில் எழுதினார்.

"அதைத்தான் கமிட்டியும் சொல்லுது. நானே நிறுத்திட்டு மறந்துட்டேனாம். இரவல் குடுத்தவங்களுக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேணுமே. என் உதவித்தொகையை நிறுத்தி, பதிவையும் ரத்து பண்ணப்போறாங்க."

"மூணு மணிக்கு நீ எங்க இருந்தே?"

"செருப்பு தைக்கப் போயிருந்தேன்." காலை நீட்டிக் காட்டினாள். வாரில் புது நூல் பளிச்சென்று தெரிந்தது. "தைக்கறவரும் ஞாபகமில்லைன்னுட்டார். அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனை கால்."

"லெக்சர்ல இருந்தேன்னு சொல்லியிருக்கலாமே," என்றான் மச்சினன்.

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க. நான் போகலை, போகலைன்னு சொன்னேன். உண்மையைச் சொல்லி மாட்டிக்கிட்ட ஆள் இந்த பில்டிங்லயே நான் ஒருத்திதான்."

விஷயம் இங்கேதான் முட்டிக்கொண்டு நின்றது. திங்கட்கிழமைதோறும் துறையிலிருந்து வாரமடல் ஒன்று வெளிவரும். யாருக்கு என்ன விருது, எந்த அறையில் என்ன கூட்டம், எந்தக் குடை எங்கே கண்டெடுக்கப்பட்டது என்பது போன்ற சங்கதிகள் அதில் இருக்கும். அந்த வார மடலின் உச்சியில் ஒரு பெரிய பேராசிரியரின் சொற்பொழிவு அறிவிக்கப்பட்டிருந்தது: புதன்கிழமை மூன்று மணி, பெரிய அரங்கம், பொருள் 'குளிரின் எல்லையில் பருப்பொருள்', அனைவரும் வருக. அனைவரும் வந்திருந்தார்கள். துறையின் பதினான்கு ஆசிரியர்களும் அந்த நேரத்தில் அரங்கத்தில் இருந்ததாகச் சொன்னார்கள். இல்லாதவள் அவள் மட்டும்.

மூன்று நாளாக நிபுணர் இந்தப் பாறையில் தலையை மோதிக்கொண்டிருந்தார். நான்காம் மாடி வராந்தாவை அடைந்தபோது தலைக்குள் ஏதோ பொறி தட்டியது.

"மச்சான், இத்தனை பேரையும் ஒரே நேரத்துல பார்த்த சாட்சி ஒருத்தர் இருக்கார். கேக்கறவங்க பேசறவரை மட்டும்தான் பார்ப்பாங்க. பேசறவர் எல்லாரையும் பார்ப்பார். எந்த நாற்காலி காலியா இருந்ததுன்னு அவருக்குத் தெரியும்."

மச்சினன் நின்று அவரைப் பார்த்தான். "அத்தான், இது நிஜமாவே நல்ல யோசனை. யாராவது சொல்லிக் குடுத்தாங்களா?"

"உளறாதே."

"சரி, அவருக்கு ஃபோன் போடுங்க. அவர்தான் உங்க சிநேகிதராச்சே."

நிபுணர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். முதல் நாள் துறைத்தலைவரின் அறையில் நடந்தது மச்சினனுக்கு மறக்கவில்லை. துறைத்தலைவர் நாற்காலியில் முதுகைச் சாய்க்க முடியாமல் நெளிந்துகொண்டே அந்தச் சொற்பொழிவைப் புகழ்ந்தார். "முன்வரிசையில உட்கார்ந்து கேட்டேன். ஒரு வார்த்தை விடலை. அவர் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்களே?" என்றார்.

"கேள்விப்படறதா?" என்றார் நிபுணர். "போன மாசம் ரயில்ல எதிர் சீட். ரெண்டு மணி நேரம் பேசிக்கிட்டே வந்தோம். இறங்கவே விடலை மனுஷன்."

அதைக் கேட்டுத் துறைத்தலைவருக்கு நிபுணர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. வழியனுப்பும்போது முதுகைத் தடவிக்கொண்டே, "என் ஒத்தடப் பை ஒன்னு காணோம். பச்சைக் கலர், கரண்ட்ல சூடாகும். அது இல்லாம உட்காரவே முடியலை. கையோட அதையும் பாருங்களேன்," என்றார். உலக அளவிலான வழக்குகளுக்காகத் தன்னைத் தயார் செய்துவந்த நிபுணர் அதை நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.

"அவர் நம்பரை மாத்திட்டார்," என்றார் இப்போது.

"உங்களோட ரெண்டு மணி நேரம் பேசினா நானும் மாத்துவேன். சரி, அழைச்சவங்ககிட்டயே வாங்குவோம்."

லேசர் ஆராய்ச்சி செய்யும் பேராசிரியை, எல்லோருக்கும் லேசர் மேடம், கண்ணாடியைக் கழற்றாமலே சொன்னார். "அருமையான லெக்சர். ரெண்டாவது பாதிதான் கொஞ்சம் இழுத்துட்டார். அழைச்சது நட்சத்திரம் சார்னு நினைக்கறேன்."

"தாடி விட்டிருக்காரே, இப்ப எப்படி இருக்கு?" என்று மச்சினன் போகிற போக்கில் கேட்டான்.

"வெள்ளைத் தாடி. கம்பீரமா இருந்தது."

விண்மீன்களை ஆராய்வதால் 'நட்சத்திரம்' என்று பெயர் வாங்கியவர் இரண்டு அறை தள்ளி இருந்தார். "முதல் பாதி பிரமாதம். ரெண்டாவது பாதி இழுவை. நான் ஒரு கேள்வி கேட்டேன், திணறிட்டார் பாவம். அழைச்சது லேசர் மேடம்தானே?"

"வெள்ளைத் தாடியோட திணறினா பார்க்கவே கஷ்டமா இருந்திருக்கும்."

"தாடியா? வழவழன்னு ஷேவ் பண்ணியிருந்தார்."

வெளியே வந்ததும் நிபுணர் நோட்டைப் புரட்டினார். இடமில்லாமல் கடைசி வரிசையில் நின்றுகொண்டே கேட்டதாக ஒருவர் சொல்லியிருந்தார். கூட்டமே இல்லை, பாவமாக இருந்தது என்று இன்னொருவர். ஆனால் இரண்டாவது பாதியில் இழுத்துவிட்டார் என்பதில் பதினான்கு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

"எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. அப்ப அது உண்மைதானே," என்றார் நிபுணர். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

"ஒரே மாதிரி சொன்னா எங்க ஆபீஸ்ல ஃபைலை மூட மாட்டோம் அத்தான், ஆளை உள்ள வச்சுக் கதவை மூடுவோம். தாடி விஷயத்தை என்ன பண்ணப்போறீங்க?"

"ரெண்டு பேரும் வேற வேற இடத்துல உட்கார்ந்திருக்கலாம்."

"இல்லேன்னா ரெண்டாவது பாதி அவ்வளவு நீளம். ஷேவ் பண்ணிட்டு வந்தவருக்கு அங்கேயே முளைச்சிருக்கு."

நிபுணர் படியிறங்கத் தொடங்கினார். சம்பவ இடத்தைப் பார்த்தால் புத்தி தெளியும் என்பது அவருடைய கொள்கை. மூன்று நாளில் அரங்கத்தை அவர் பார்க்கவில்லை. குற்றம் நடந்தது நான்காம் மாடி, அரங்கம் இருப்பது தரைத்தளம் என்று அதற்கு அவர் வைத்திருந்த விளக்கம் மச்சினனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. இறங்கினால் மறுபடி ஏற வேண்டும்.

அரங்கத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே மூக்கைத் துளைக்கும் வாசனை. மர நாற்காலிகள் வரிசை வரிசையாகப் பளபளத்தன. ஓரத்தில் டப்பாவும் பிரஷ்ஷுமாகக் குந்தியிருந்த பெயிண்டர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிபுணர் யாரையும் பார்க்காமல் நேராக முன்வரிசைக்குப் போனார். நடு நாற்காலியைத் தேர்ந்தெடுத்தார்.

"சார், அது..." என்றார் பெயிண்டர்.

"குறுக்கே பேசாதீங்க. யோசிக்கறேன்." நிபுணர் அமர்ந்தார். கண்களை மூடிக்கொண்டார். "இங்கதான் துறைத்தலைவர் உட்கார்ந்திருந்தார். எதிரே பேச்சாளர். அவர் கண் வழியா நாம இப்ப இந்த அரங்கத்தைப் பார்க்கணும்."

பார்த்துவிட்டு எழுந்தார். அல்லது எழ முயன்றார். நாற்காலி அவரை விடவில்லை. பழைய பிளாஸ்திரியைப் பிய்ப்பது போல ஒரு சத்தம் கேட்டது.

"வார்னிஷ் சார்," என்றார் பெயிண்டர், ஒரு வாய் மென்று முடித்துவிட்டு. "இப்பதான் ரெண்டாவது கோட் அடிச்சேன்."

"முதல் கோட் எப்ப அடிச்சீங்க?" என்று கேட்டான் மச்சினன்.

"போன செவ்வாய்க்கிழமை. அடிச்சுட்டுப் பூட்டி சாவியைக் கையோட எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். இல்லேன்னா எவனாவது வந்து உட்கார்ந்துடுவான்." நிபுணரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "இன்னைக்குக் காலையிலதான் திறந்தேன்."

"புதன்கிழமை சாவி கேட்டு யாராவது ஃபோன் பண்ணினாங்களா?"

"ஒரு ஆளும் பண்ணலை."

மச்சினன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். அவன் பேசாமல் இருப்பது அபூர்வம் என்பதால் நிபுணருக்குக் கவலையாகிவிட்டது.

"அத்தான், அன்னைக்கு லெக்சரே நடக்கலை. அது பெரிசில்லை. யாராவது ஒருத்தர் வந்திருந்தா, கதவு பூட்டியிருக்கேன்னு மத்தவங்களுக்குச் சொல்லியிருப்பார். நடக்கலைங்கறது இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியலை. அப்படின்னா பதினாலு பேர்ல ஒருத்தர்கூட இந்தக் கதவு வரைக்கும் வரலை. அடுத்தவங்க போயிருப்பாங்கன்னு ஒவ்வொருத்தரும் நினைச்சிருக்காங்க."

நிபுணர் தன் கால்சட்டையின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்து, விரல்களை முகர்ந்தார். "காலையில ஒரே ஒரு சந்தேக நபர்," என்றார் மெதுவாக. "இப்ப பதினஞ்சு பேர். இதுக்குப் பேர் முன்னேற்றமா?"

அலுவலகத்தில் வாரமடலைத் தயாரிப்பவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. துறை முழுக்க அவரை 'மடல் அக்கா' என்றது. நிபுணர் நோட்டைப் பின்புறம் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். மச்சினன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"அக்கா, புதன்கிழமை லெக்சரை ஏற்பாடு பண்ணினது யாரு?"

அக்கா தட்டச்சு செய்வதை நிறுத்தினார். "ஹாலுக்குப் போனீங்களா?"

"போனோம். இவர் அங்கேயே தங்கப் பார்த்தார்."

"யாரும் ஏற்பாடு பண்ணலை," என்றார் அக்கா. "வாராவாரம் ஒரு லெக்சர் நடந்தே ஆகணும்னு மேலிடத்து உத்தரவு. மடல்ல அந்த இடம் காலியா இருந்தா எனக்குத்தான் திட்டு. வெள்ளிக்கிழமை ஒவ்வொரு ரூமா போய் யாரைக் கூப்பிடலாம்னு கேப்பேன். பார்க்கலாம்மா, அப்புறம் வாம்மாம்பாங்க. ஒரு தடவை பொறுக்க முடியாம பழைய மடல்லேர்ந்து ஒன்னை எடுத்து, தேதியை மட்டும் மாத்திப் போட்டேன். பயந்துக்கிட்டேதான் போட்டேன். மறுநாள் மூணு பேர் வந்து, நல்ல லெக்சர், நல்ல ஏற்பாடுன்னு பாராட்டிட்டுப் போனாங்க."

"எத்தனை நாளா இப்படி?"

"லிஃப்ட் ஓடிக்கிட்டிருந்த காலத்துலேர்ந்து."

அக்காவின் மேஜைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. கண்டெடுத்த பொருட்களெல்லாம் அதில்தான் போய்ச் சேரும். இரண்டு குடை, ஒரு மூக்குக் கண்ணாடி, சாப்பாட்டு டப்பாவின் மூடி. மூடிக்கடியிலிருந்து ஒரு ஒயர் நீண்டிருந்தது. மச்சினன் அதைப் பிடித்து இழுத்தான். பச்சை நிறத்தில் ஒரு துணிப் பை வந்தது. ஒயரின் நுனியில் பிளக்.

"இது எங்க கிடைச்சது?"

"குளிர் ஆய்வகத்து சோபாவில. அந்தப் பொண்ணுதான் வியாழக்கிழமை கொண்டுவந்து குடுத்தா. மடல்லயும் போட்டேன், யாரும் வரலை." அக்கா மறுபடி தட்டச்சு செய்யத் தொடங்கினார். "தொலைச்சவங்களாவது படிப்பாங்கன்னு நினைச்சேன்."

அந்த சோபா மச்சினனுக்குத் தெரியும். முதல் நாள் அதில் சாய்ந்துகொண்டு ஃபோனுக்குச் சார்ஜ் போட இடம் தேடியிருக்கிறான். சோபாவுக்கு எட்டும் தூரத்தில் சுவரில் ஒரே ஒரு சாக்கெட்தான் இருந்தது. அதில் குளிர்விக்கும் இயந்திரத்தின் பிளக் சொருகியிருந்தது.

"யாருடையதா இருக்கும்?" என்றார் நிபுணர்.

மச்சினன் பையை அவர் கையில் கொடுத்தான். "முதல் நாளே நமக்கு ரெண்டு கேஸ் குடுத்தாங்க அத்தான். நீங்க ஒன்னைத்தான் எழுதிக்கிட்டீங்க."

நான்கு மணி. துறைத்தலைவர், லேசர் மேடம், நட்சத்திரம் ஆகிய மூவரும்தான் கமிட்டி. மாணவி ஓர் ஓரமாக நின்றாள். உட்காரும்படி நிபுணரை மூன்று முறை சொன்னார்கள். பின்னால் சுவர் இருக்கும்படி பார்த்துக்கொண்டு அவர் மூன்று முறையும் மறுத்தார்.

"கனவான்களே, சீமாட்டியே," என்று ஆரம்பித்தார். "உண்மை என்பது ஒரு வைரம். அதன் பட்டைகள்..."

மச்சினன் பச்சைப் பையை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

"அட, கிடைச்சுடுச்சா," என்றார் துறைத்தலைவர். முகம் மலர்ந்துவிட்டது. எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துச் சாய்ந்துகொண்டார். "அப்பாடா. எங்க இருந்தது?"

"குளிர் ஆய்வகத்து சோபாவில சார்."

துறைத்தலைவரின் முதுகு மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

"அங்க எப்படி வந்தது?" என்றார்.

"அதைத்தான் சார் யோசிச்சோம். மூணு மணிக்கு லெக்சர்னு மடல்ல வந்தாச்சு. தலைவர் தன் ரூம்லயே இருந்தா, ஏன் போகலைன்னு கேப்பாங்க. ஆள் வராத ஒரு இடம் வேணும். சோபா இருக்கற இடமா இருந்தா நல்லது. அங்க ஒரு மெஷின் டொக் டொக்னு தூங்க விடாது. இருக்கறதே ஒரு சாக்கெட்."

"அபாண்டம். நான் அரங்கத்துல முன்வரிசையில உட்கார்ந்திருந்தேன்."

நிபுணரின் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படியான கணங்கள் குறைவு. வந்த ஒன்றை அவர் தவறவிடவில்லை. மெதுவாகத் திரும்பி நின்றார். கால்சட்டையின் பின்புறத்தில் நாற்காலிப் பலகைகளின் அச்சு, பழுப்பு நிறத்தில், ஐந்து பட்டைகளாகத் தெரிந்தது.

"முன்வரிசையில உட்கார்ந்தா இப்படித்தான் ஆகும் சார்," என்றான் மச்சினன். "செவ்வாய்க்கிழமையே வார்னிஷ் அடிச்சுப் பூட்டிட்டாங்க."

கமிட்டி உறுப்பினர்கள் மூவரின் கைகளும் தாமாகவே பின்னால் போய்த் தடவிப் பார்த்தன. பிறகு மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பார்க்காமல் இருந்தார்கள்.

"நான்தான் திரும்ப சொருகிட்டேனே," என்றார் துறைத்தலைவர், உடைந்த குரலில். "எழுந்ததும் என் ஒயரைப் பிடுங்கிட்டு மெஷினோட பிளக்கைப் பழையபடி சொருகிட்டேன். இருந்தது இருந்தபடி."

"பச்சை பட்டன்?" என்றாள் மாணவி.

"எந்த பட்டன்?"

மின்சாரம் போய் வந்தால் அந்த பட்டனை அமுக்கினால்தான் இயந்திரம் மறுபடி ஓடும். நடந்துவிட்ட ஒரு மாற்றத்தைச் சுவடே இல்லாமல் முன்னிருந்த நிலைக்குத் திருப்ப முடியுமா என்பதுதான் துறைத்தலைவர் முப்பது வருடமாகக் காகிதத்தில் செய்துவந்த ஆராய்ச்சி. முடியும் என்று மூன்று புத்தகம் எழுதியிருந்தார். செய்முறையில் இறங்கியது இதுதான் முதல் தடவை.

பிறகு லேசர் மேடம் தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சார் ஆய்வகத்துல இருந்தார்னு பதிவு பண்ணினா, லெக்சர் நடக்கலைன்னும் பதிவு பண்ண வேண்டியிருக்கும்."

"அதைப் பண்ணினா, நாம எங்க இருந்தோம்னும்..." என்ற நட்சத்திரம் வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்று மூன்று மணிக்கு அவர் தையல்காரரிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

கமிட்டி ஐந்து நிமிடத்தில் ஒருமனதாக முடிவுக்கு வந்தது. புதன்கிழமை மதியம் எதிர்பாராத மின்தடை ஏற்பட்டது. யார் மீதும் குற்றமில்லை.

"அந்த ரூம் கடிகாரமும் அதே லைன்லதான் ஓடுது," என்றான் மச்சினன். "அது நிக்கவே இல்லையே."

"கடிகாரத்தை விசாரிக்க இந்தக் கமிட்டிக்கு அதிகாரமில்லை," என்றார் நட்சத்திரம்.

மாணவி மேஜைக்கு அருகில் வந்தாள். "மின்தடைன்னே வச்சுக்கங்க. ஆனா என் மேல தப்பில்லைன்னு இரவல் குடுத்தவங்களுக்கு இன்னைக்கே எழுதணும். உதவித்தொகையை இன்னும் ஒரு வருஷம் நீட்டணும். உடைஞ்சதுல பெரிய துண்டை வச்சு நான் மறுபடி முதல்லேர்ந்து அளக்கணும்." குரல் தணிவாகத்தான் இருந்தது. "இல்லேன்னா எனக்கு வார்னிஷ் ஞாபகம் வரும்."

துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டார். அவள் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாள். நான்கு வருட உழைப்பு பிழைத்த சந்தோஷம் முகத்தில் தெரியவில்லை. இன்னொரு வருடம் இதே படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும் என்ற எரிச்சல்தான் தெரிந்தது.

"உண்மை எப்படியும் மேல வந்துடும்னு உங்க அத்தான் சொன்னாரே," என்றாள் மச்சினனிடம் மெதுவாக.

"வந்துச்சும்மா. கமிட்டியைப் பார்த்ததும் வந்த வழியே இறங்கிடுச்சு."

இதற்குள் துறைத்தலைவர் பழையபடி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். முதுகில் ஒத்தடப் பை இருந்தது. லெக்சர் நடந்தது நடந்ததாகவே இருக்க வேண்டுமானால் அதற்குக் காகிதத்தில் ஏதாவது வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மணியை அடித்து மடல் அக்காவை வரவழைத்தார்.

"அம்மா, புதன்கிழமை வந்து பேசின பேராசிரியருக்கு ஒரு நன்றிக் கடிதம் போயாகணும். முகவரி எடுங்க."

அக்கா அசையாமல் நின்றார்.

"அவர் காலமாயிட்டாரே சார்," என்றார். "இரங்கல் கூட்டத்துக்கு நீங்கதான் தலைமை. மடல்ல போட்டேனே."

"எப்போ?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. எல்லாரும் வந்திருந்ததாத்தான் சொன்னாங்க."

லேசர் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நட்சத்திரம் ஜன்னலுக்கு வெளியே எதையோ உன்னிப்பாக ஆராய்ந்தார். பகலில் அங்கே விண்மீன் எதுவும் இல்லை.

"தெரிஞ்சுமா அவர் பேரைப் போட்டீங்க?" என்றார் துறைத்தலைவர்.

"தெரிஞ்சுதான் சார் போட்டேன். யாராவது ஒருத்தராவது வந்து, என்னம்மா இதுன்னு கேப்பாங்கன்னு பார்த்தேன். ஒரு வாரம் பார்த்தேன்."

கடைசியில் துறைத்தலைவருக்கு ஏதோ நினைவு வந்தது. நாற்காலியைத் திருப்பி, சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்த நிபுணரைப் பார்த்தார். அக்காவும் பார்த்தார், மாணவியும் பார்த்தாள். மச்சினன் மட்டும் உறவு முறையை உத்தேசித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டான்.

பேராசிரியர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ரயிலில் நிபுணரோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டு வந்தது போன மாதம்.